ஊத்தடியில் ஒரு பள்ளிக்கூடம்

தனுஷ்கோடிக்குப் போகும் சாலையை ஒட்டி, இரண்டு பக்கமும் கடல் தெரிகிற மணல் திட்டில், குனிந்தால் கை எட்டும் ஆழத்துக்குத் தோண்டினாலே தண்ணீர் ஊறுகிறது. இந்தப் பக்கம் பாக் விரிகுடா, அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். ஆனால் ஊறும் தண்ணீர் உப்புக் கரிக்காது. அந்தக் குழிக்கு இங்கே ஊத்து என்று பெயர். பெண்கள் ஓரத்தில் குந்தி, சிரட்டையால் மேலாக அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைந்ததும் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். ஆழக் கை விட்டுக் கலக்கக் கூடாது, ஒரேயடியாக இறைத்துவிடவும் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

இந்த ஊத்தடியில் ஓர் இளம் மருத்துவரையோ செவிலியரையோ புள்ளியியல் படித்தவரையோ கொண்டுவந்து நிறுத்தினால் அவர் என்ன கற்றுக்கொள்வார்? பொதுச் சுகாதாரத்துக்காகப் பரிந்து பேசக் கற்றுத்தரும் ஃபெலோஷிப்புகள் இன்று பல இருக்கின்றன. கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு ஓராண்டு, இரண்டாண்டு அதில் சேரும் இளைஞர்களை வீட்டில் கேட்பார்கள்: "இதுல உனக்கு என்னப்பா கிடைக்கும்?" நியாயமான கேள்வி. அதற்கான பதிலை ராமேஸ்வரம் தீவின் தண்ணீரிலிருந்தும், அந்தத் தண்ணீரில் பிறக்கும் ஒரு கொசுவிலிருந்தும் தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

முதலில் தண்ணீர். கடலால் சூழப்பட்ட மணலுக்குள் நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழைதான் அது. மணல் வழியாக இறங்கிய மழைநீர், அடியில் ஏற்கெனவே நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஆயிரம் கிராம் என்றால் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் தீவின் குடிநீரே நிற்கிறது. மணலுக்குள் இரண்டும் வேகமாகக் கலப்பதில்லை. நல்ல தண்ணீர் ஒரு வில்லையைப் போல, நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாதோன் கைபென் என்ற டச்சு ராணுவப் பொறியாளரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே இதைக் கணக்கிட்டார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடி ஆழம் வரை அது இறங்கியிருக்கும். பனிக்கட்டி மிதப்பதைப் போலத்தான் இதுவும். மேலே தெரிவது கொஞ்சம், அடியில் இருப்பது பெரிது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருக்கும் உப்புநீர் காலப்போக்கில் 40 அடி ஏறி வரப் பார்க்கும். ஒருமுறை உப்பேறிய இடம் மறுபடி இனிக்கப் பல மழைக்காலம் பிடிக்கும். சிரட்டையால் மேலாக அள்ளு, காத்திரு, கலக்காதே என்ற ஊத்தடிப் பாடம் இந்த வில்லையைக் காப்பாற்றும் பாடம்தான். சூத்திரம் எழுதப்படுவதற்கு முன்பே கை அதைப் பழகியிருந்தது. ராமநாதசுவாமி கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அலையடிக்கும் கரைக்கு இவ்வளவு அருகில், ஒவ்வொன்றும் ஒரு சுவையோடு கிணறுகள் நிற்பது சாதாரண விஷயமல்ல.

இனி கொசு.

நல்ல தண்ணீரை மனிதர் மட்டும் தேடுவதில்லை. அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு, இந்தியக் கிராமங்களின் மலேரியாவுக்குப் பெரும் காரணமானது. சாக்கடை அதற்குப் பிடிக்காது. வெயில் படும் தெளிந்த நீர், புதிதாகத் தோண்டிய குழி, ஓடை ஓரத் தேக்கம் இவைதான் அது முட்டையிட விரும்பும் இடங்கள். ராமேஸ்வரம் தீவில் சவுக்குக் கன்றுக்கும் தென்னங்கன்றுக்கும் தண்ணீர் ஊற்ற மணலில் குழி தோண்டுவது வழக்கம். கன்று வேர் பிடிக்கும் வரை குடத்தால் அள்ளி ஊற்ற வேண்டும், அதற்குத் தோட்டத்துக்குள்ளேயே குழி வேண்டும். மழைநீர் வில்லையின் மேற்பரப்பு அந்தக் குழிகளில் திறந்து கிடக்கிறது. கொசு தேடியது அதுதான்.

கரையில் நின்று பார்த்தே அதன் புழுவை அடையாளம் காணலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு வாலில் உள்ள மூச்சுக்குழாயை நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. அதனால் நீர்ப்பரப்போடு ஒட்டி, மிதக்கும் துரும்பு மாதிரி படுத்திருக்கும். நிழல் பட்டால் சட்டென்று விலகும். களப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நீண்ட பிடி போட்ட வெள்ளைக் கிண்ணத்தை நீரில் சாய்த்து இறக்கி, ஒரு கிண்ணத்துக்கு எத்தனை புழு என்று எண்ணப் பழகுவார்கள். வேகமாக இறக்கினால் புழுக்கள் அடியில் மறைந்துவிடும், எண்ணிக்கை பொய்யாகும். முதல் நாளில் எல்லாரும் வேகமாகத்தான் இறக்குவார்கள்.

இந்தத் தீவில் ஏன் மலேரியா விடாமல் நீடித்தது என்ற கேள்வி விஞ்ஞானிகளை நெடுநாள் வருத்தியது. புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் 1980களில் இங்கே வந்து ஆராய்ந்தார்கள். குலிசிஃபேசிஸ்தான் குற்றவாளி என்று தெரிந்தது. ஆனால் அதில் ஒரு முடிச்சு இருந்தது. குலிசிஃபேசிஸ் என்பது ஒரே இனமல்ல. கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் ஒரே மாதிரி தெரிகிற, ஆனால் தங்களுக்குள் கலக்காத பல இனங்களின் கூட்டம் அது. குரோமோசோம் பட்டைகளை வைத்து 1980இல் ஏ, பி என்று முதலில் பிரித்தார்கள், பிறகு சி, டி சேர்ந்தன. இவற்றில் 'பி' பெரும்பாலும் மாட்டைக் கடிப்பது, மலேரியாவைப் பரப்புவதில் மட்டமானது. ராமேஸ்வரத்தில் பிடித்தவையோ எல்லாம் 'பி' மாதிரியே இருந்தன. மாட்டுக்கொசு என்று பேர் வாங்கிய ஒன்று இங்கே மட்டும் எப்படி மனிதருக்குக் காய்ச்சல் கொடுக்கிறது?

டெல்லி மலேரியா ஆராய்ச்சி மையத்தின் சரளா சுப்பாராவும் அவருடைய சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில் அந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. பெண் கொசுக்களைப் பிடித்தார்கள். எது மனித ரத்தம் குடித்தது, எதன் உடலில் மலேரியா ஒட்டுண்ணி இருந்தது என்று சோதித்தார்கள். அதோடு நிற்காமல் ஒவ்வொரு கொசுவையும் தனித்தனியே முட்டையிட வைத்து, பிறந்த ஆண் பிள்ளைகளின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். மனித ரத்தம் குடித்த, ஒட்டுண்ணி சுமந்த தாய்களின் மகன்களுக்கு ஒய் குரோமோசோம் ஒரு வடிவத்தில் இருந்தது. மற்றவற்றின் மகன்களுக்கு வேறு வடிவத்தில் இருந்தது. தாயிடம் ஒய் கிடையாது, அது தந்தையிடமிருந்து வருவது. ஆனால் இரண்டு கூட்டமும் தங்களுக்குள் கலக்காததால் மகனின் ஒய் தாய் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்பதைச் சொல்லிவிட்டது. 'பி' என்று எண்ணியவற்றுக்குள்ளே இன்னோர் இனம் ஒளிந்திருந்தது. அதற்கு 'ஈ' என்று பெயரிட்டார்கள். ஊத்தோரத்தில் பறக்கும் ஒரு பூச்சியைப் பற்றிய உலகறிவு ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பியது. அடுத்த ஆண்டே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரன் உள்ளிட்டோர் இலங்கையிலும் 'ஈ' இனம் இருப்பதைக் காட்டினார்கள். 1934-35இல் அங்கே ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற மலேரியாவுக்கும் குலிசிஃபேசிஸ்தான் காரணம். கொசுவுக்குக் கடல் எல்லை தெரியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பரிந்து பேசுதல் என்பது நல்ல மனதோடு உரக்கப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் பேசியவர் இங்கே என்ன சொல்லியிருப்பார்? "குழிகளையெல்லாம் மூடுங்கள், ஆழ்துளைக் கிணறு போடுங்கள்" என்றிருப்பார். காகிதத்தில் அழகான பரிந்துரை. குழியை மூடினால் கன்று காயும், தோட்டக்காரர் மறுநாளே பக்கத்தில் இன்னொன்று தோண்டுவார். ஆழ்துளை போட்டு மோட்டாரால் உறிஞ்சினால் நல்ல தண்ணீர் வில்லை உடைந்து உப்பு மேலேறும். கொசுவை விரட்டப் போய்க் குடிநீரை இழந்திருப்போம். கொசுவைத் தெரிந்தவருக்கு நிலத்தடி நீர் தெரியாது, நீரைத் தெரிந்தவருக்குக் கொசு தெரியாது. ஊத்தடியில் இருக்கும் ஆத்தாவுக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை. கேட்கப் பழகுவதுதான் ஃபெலோஷிப்பில் கிடைக்கும் முதல் வரவு.

இரண்டாவது வரவு ஒரு கணக்கு. இதை எல்லாப் பள்ளியிலும் சொல்லித்தரலாம். கொசு மலேரியா நோயாளியைக் கடித்த உடனே நோயைப் பரப்பிவிட முடியாது. ஒட்டுண்ணி அதன் வயிற்றில் வளர்ந்து எச்சில் சுரப்பிக்கு வந்துசேர, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 10 நாள் ஆகும். அந்த 10 நாளும் கொசு உயிரோடு இருக்க வேண்டும். நாளுக்கு 100க்கு 90 கொசு பிழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 நாள் கழித்து 35 மிஞ்சும். நாளுக்கு 80 பிழைத்தால் 11தான் மிஞ்சும். 70 பிழைத்தால் 3க்கும் குறைவு. கொசுவின் அன்றாடப் பிழைப்பில் கொஞ்சம் கை வைத்தால் நோய் பரவுவது பல மடங்கு சரிகிறது. ஜார்ஜ் மெக்டொனால்ட் 1950களில் இதைத் தெளிவாக எழுதிக் காட்டினார். சுவரில் மருந்தடிப்பதும் வலைக்குள் படுப்பதும் ஏன் வேலை செய்கின்றன என்பதற்கு இதுதான் விளக்கம். எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, கிழட்டுக் கொசு இல்லாமல் செய்தால் போதும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் இளைஞர் கூட்டத்தில் பேசும் விதமே மாறிவிடும். "கொசுவை ஒழிப்போம்" என்று முழங்க மாட்டார். "இந்த நாலு தெருவில், இந்த மூன்று மாதத்தில், வீட்டுக்குள் மருந்தடிப்பு நூற்றுக்கு நூறு நடந்தாக வேண்டும், மாட்டுக்கொட்டகையை விட்டுவிட வேண்டாம்" என்று கேட்பார். செய்து முடிக்கக் கூடியதைக் கேட்கும்போதுதான் எதிரில் இருக்கும் அதிகாரி பேனாவை எடுக்கிறார்.

இத்தகைய பயிற்சிக்கு ஒரு வரலாறு உண்டு. 1951இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்முயர் இளம் மருத்துவர்களைச் சேர்த்துத் தொற்றுநோய்ப் புலனாய்வுப் பணியைத் தொடங்கினார். அதன் சின்னம் உள்ளங்கால் தேய்ந்து ஓட்டை விழுந்த ஒரு செருப்பு. நடந்து அறி என்பதுதான் பொருள். சென்னையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் களத் தொற்றுநோயியல் பயிற்சி தருகிறது. வகுப்பறையில் இருப்பது கொஞ்சம், மற்றதெல்லாம் மாவட்டங்களில் வேலை செய்துகொண்டே கற்பது. டெல்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் லாங்முயர் வழியிலான பணியைத் தொடங்கியது. பெங்களூரின் சொசாரா அமைப்பு சமூக சுகாதார ஃபெலோஷிப் வழியாகப் பலரை ஊருக்குள் அனுப்பியது. தமிழ்நாட்டில் 2022இல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் வந்தது. அரசுத் துறைகளோடு இளைஞர்களை இணைக்கும் அதில் சுகாதாரமும் ஒரு துறை. ராமநாதபுரம் 2018இல் நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து இதுவும் விருதுநகரும் மட்டும்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. 2022 ஜனவரியில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. கற்க வருகிறவர்களுக்கு இடம் இருக்கிறது, வேலையும் கொட்டிக் கிடக்கிறது.

இந்த வழியில் முதலில் நடந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் மருத்துவரே அல்ல. 1854இல் லண்டன் சோகோ பகுதியில் காலரா பரவியபோது, பிராட் தெருக் குழாயடித் தண்ணீரே காரணம் என்று ஜான் ஸ்னோ வாதிட்டு, செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. ஹென்றி வைட்ஹெட் என்பவரைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். அந்தப் பகுதி தேவாலயத்தின் துணைக்குரு, அப்போது 28 வயது. ஸ்னோ சொன்னதை அவர் நம்பவில்லை. பொய் என்று நிரூபிக்கத்தான் வீடு வீடாக ஏறினார். இறந்தவர் யார், தப்பியவர் யார், யார் எந்தத் தண்ணீர் குடித்தார் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அவரை அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும், அதனால் கதவு திறந்தது. கடைசியில் குழாயடிக்கு எதிரே இருந்த 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் நோய் வந்ததையும், அதன் துணி அலசிய தண்ணீர் கிணற்றை ஒட்டிய மலக்குழியில் கொட்டப்பட்டதையும் கண்டுபிடித்தவர் அவர்தான். எதிர்க்கப் போனவர் சாட்சியாகத் திரும்பினார். தன் கருத்தைத் தானே உடைத்துக்கொள்ளும் அந்தத் துணிவு இல்லாவிட்டால் பரிந்து பேசுவது வெறும் பிரசாரம் ஆகிவிடும்.

ராமேஸ்வரத்தில் வீடு வீடாக ஏறுவதற்கு வேறு சில கணக்குகளும் தெரிந்திருக்க வேண்டும். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். எந்தக் கிழமை என்று தெரியாமல் போனால் ஆம்பளைகள் கடலில் இருப்பார்கள், இல்லையென்றால் இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு உறங்குவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் எல்லாரும் கரையில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. ரத்தத் துளி எடுக்கப் போகிறவரிடம் கடன் கதைதான் முதலில் வரும். அதையும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

எண்களில் இன்னொரு வழுக்கலும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரம் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 45,000. ஆண்டெல்லாம் வந்துபோகும் யாத்திரிகர்களோ பல லட்சம். ஒருவர் இங்கே அக்னி தீர்த்தத்தில் குளித்து, இரவு தங்கி, கொசுக்கடி வாங்கி, காசிக்கோ கான்பூருக்கோ திரும்பிவிடுவார். மலேரியா உடனே தலை காட்டாது. கடிபட்டுக் காய்ச்சல் வர இரண்டு வாரம் பிடிக்கும். வைவாக்ஸ் வகையாக இருந்தால் கல்லீரலில் ஒளிந்து பல மாதம் கழித்தும் திரும்பி வரும். அவருடைய காய்ச்சல் எந்த ஊர்க் கணக்கில் ஏறும்? அவர் ஊர்க் கணக்கில்தான். அதுபோல அங்கிருந்து ஒட்டுண்ணியைச் சுமந்து வந்து இங்கே கொசுவுக்குக் கொடுத்துப் போகிறவரும் கணக்கில் இல்லை. "இந்த மாதம் இத்தனை பேருக்கு" என்று ஒருவர் சொன்னதும் "எத்தனை பேரில்?" என்று கேட்பது பயிற்சியின் முதல் வாரத்திலேயே பழகிவிடும். ராமேஸ்வரத்தில் அந்த "எத்தனை பேரில்" என்பதே அலை மாதிரி ஏறி இறங்குவது. இதைப் புரிந்துகொண்டவர் விடுதிக்காரர்களிடமும் ரயில்நிலையத்திலும் போய் நிற்பார், ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டோடு திரும்பிவிட மாட்டார்.

சட்டம் நம் கையில் முன்னமே இருக்கிறது. சென்னை மாகாணம் 1939இல் கொண்டுவந்த பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அந்த வகையில் முதல் முழுமையான சட்டம். கொசுக் கட்டுப்பாட்டுக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. கொசு வளர விட்டிருக்கும் இடத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். ஆனால் நாலு தென்னங்கன்று வைத்திருக்கும் ஒரு விதவைத் தாய்க்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு மறுவாரம் அதே தெருவில் ரத்தம் எடுக்கப் போக முடியுமா? கைவிட்ட குழிகளை மட்டும் மணல் போட்டு மூடுவது, பயன்பாட்டில் இருப்பவற்றில் புழு தின்னும் கம்பூசியா மீனையோ கப்பி மீனையோ விடுவது, முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தவறாமல் போய்ப் பார்ப்பது என்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வழியைப் பேசி முடிக்கலாம். எந்தக் குழி கைவிடப்பட்டது, எது இன்னும் புழங்குவது என்பது தோட்டக்காரருக்கு மட்டும்தான் தெரியும். இங்கேயும் அவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்டதை முடிவெடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் அடுத்த கலை, ஃபெலோஷிப்பில் இதற்குத்தான் அதிக நாள் செலவாகும். எந்த முடிவு யார் கையில் என்று தெரிய வேண்டும். மீன்குஞ்சு வாங்குவதை ஊராட்சித் தலைவரே செய்யலாம். மருந்தடிக்கும் ஆள் எண்ணிக்கை மாவட்டச் சுகாதார அலுவலர் கையில். குடிநீர்க் குழாய் வேறு துறை. மூன்று பேரிடமும் ஒரே நாற்பது பக்க அறிக்கையைக் கொடுத்தால் மூன்று பேரும் படிக்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு பக்கம் போதும். அதில் ஒரு படம், ஓர் எண், அவரால் செய்ய முடிந்த ஒரு வேலை. ஊராட்சிகளில் கிராம சபைக்கு ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஊத்தைப் பற்றிப் பேச அதைவிட நல்ல நாள் எது? ஆனால் அந்த மேடையில் வெளியூர்க்காரர் பேசுவதைவிடத் தோட்டக்காரரே எழுந்து பேசினால் ஊர் கேட்கும். பேச்சைத் தயாரித்துவிட்டு மைக்கை இன்னொருவர் கையில் கொடுக்க மனம் பழக வேண்டும். எல்லாவற்றிலும் கடினமான பாடம் இது என்று நினைக்கிறேன். படிப்பு நமக்கு அதுவரை நேர்மாறாகத்தான் சொல்லித்தந்திருக்கிறது.

இந்தக் கரையில் பரிந்து பேச யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுத்தர வேண்டிய நிலையும் இல்லை. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் அவர்கள் பிழைப்புக்கு வேலி விழுந்தது. அவர்கள் அமைப்பாகத் திரண்டார்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம் என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கொண்டார்கள். வனத்துறையோடு பேசினார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது, அமெரிக்காவுக்குப் போய் வாங்கினார். மணிக்கணக்கில் உப்புநீரில் கிடக்கும் உடம்புக்கு என்னென்ன ஆகும், கரையில் ஒதுங்க இடமில்லாமல் சிறுநீரை அடக்கினால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெண்கள் சொல்லக் கேட்காத சுகாதாரப் படிப்பு முழுப்படிப்பு ஆகாது. புள்ளியியல் தெரிந்தவர் அங்கே செய்யக்கூடிய உதவி, அவர்கள் சொல்வதை எண்ணாக்கிக் கொடுப்பது. "நீங்கள் படும் பாட்டை நூறு பேரிடம் ஒரே மாதிரி கேட்டு எழுதினால் கலெக்டர் மேசையில் அதற்குக் கனம் கூடும்" என்றால் அவர்களுக்கு உடனே புரியும். எடை போட்டுப் பாசி விற்பவர்கள் அல்லவா.

நோய் குறையக் குறைய இந்த வேலை கடினமாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிர்க்கரை இலங்கை இதை நன்றாக அனுபவித்தது. டிடிடி தெளித்து விரட்டி, 1963இல் நாடு முழுதும் மலேரியா நோயாளிகள் 17 பேர் என்ற நிலைக்கு வந்தார்கள். தெளிப்பு நின்றது, கவனம் கலைந்தது. 1968-69இல் பல லட்சம் பேருக்குக் காய்ச்சல் திரும்ப வந்தது. இந்தியாவிலும் அப்படித்தான். 1960களின் நடுவில் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்த எண்ணிக்கை 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. காய்ச்சல் கொளுத்தும்போது பணம் கேட்பது எளிது. 17 பேர்தான் என்னும்போது "இன்னும் எதற்கு மருந்தடிப்பு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பயிற்சி வேண்டும். இலங்கை இரண்டாம் முறை அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளி இல்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்தது. சான்று வாங்கிய பிறகும் அவர்கள் கிணறுகளில் கிண்ணத்தை இறக்குவதை நிறுத்தவில்லை.

அதனால்தான் அதே 2016இன் இறுதியில், மன்னார் தீவில் வழக்கமான ஆய்வில் ஒரு புதுப் புழு அகப்பட்டது. அனாபிலிஸ் ஸ்டெஃபென்சி. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளர்ந்து இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் கொசு அது. இலங்கையில் அதுவரை அதைக் கண்டதில்லை. மன்னார் தீவின் மேற்கு முனையான தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதனால் ராமேஸ்வரத்துக்குப் பயிற்சிக்கு வரும் பெண்ணுக்கு இப்போது வேலை கூடியிருக்கிறது. விடுதிகளின் மாடித்தொட்டிகளில் ஏற வேண்டும், கிணறுகளில் எட்டிப் பார்க்க வேண்டும், ஊத்துகளையும் விடக் கூடாது.

காலையில் ஊத்தடியில் குடங்கள் வரிசையில் இருக்கும். வெள்ளைக் கிண்ணத்தோடு அவள் போய் நிற்பாள்.

"ஆத்தா, கொஞ்சம் தள்ளிக்கிருங்க. ஒரே ஒரு கிண்ணம் எடுத்துப் பாத்துக்கிறேன்."

"எடு தாயி, கலக்காம எடு."